ஜீனத் படகில் டி.வி. மாட்டிய நாள்

போன வாரம் நான் கடலுக்குள் போயிருப்பேன். ஒரு டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, மரக்காணம் முகத்துவாரம் வழியாக நேராக வங்காள விரிகுடாவுக்கு!

சிரிக்காதீர்கள். இதை எழுதும்போதுகூட எனக்குத் தரை லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறது. நேற்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பஸ் நகர்ந்தது. நான்தான் நகர்கிறேன் என்று நினைத்து, பூக்காரம்மாவின் தோளைப் பிடித்துவிட்டேன். "இன்னாம்மா, மயக்கமா?" என்றார். என்ன சொல்ல?

முதலில் ஜீனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஜீனத் என் பள்ளித்தோழி. திண்டிவனத்தில் ஒரே பெஞ்ச். கல்யாணமாகிக் கோட்டக்குப்பம் போனாள். அவள் கணவர் ரஹீம் பாய்க்கு வளைகுடாவில் வேலை. கடலுக்கு நடுவே இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிப்போகும் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் ஒரு மாசம் வீட்டில் இருப்பார். மிச்ச மாசமெல்லாம் போனில் இருப்பார்.

அந்தப் போன் பேச்சைப் பக்கத்தில் இருந்து பலமுறை கேட்டிருக்கிறேன்.

"பாத்தீங்களா? அந்த மாமியாக்காரி பால்ல வெசத்தைக் கலந்துட்டா!"

"பாத்தேன், பாத்தேன். மருமவ குடிக்க மாட்டா, நீ வேணா பாரு."

அவ்வளவுதான். வைத்துவிடுவாள். கப்பலிலும் டிஷ் உண்டாம். இவள் இங்கே பார்க்கும் சீரியலை அவர் அங்கே நடுக்கடலில் பார்ப்பார். தினமும் சீரியல் முடிந்ததும் போன். புருஷன் பொண்டாட்டி பேசுகிற பேச்சா இது என்று கேலி செய்வேன். "போடி, உனக்கு என்ன தெரியும்" என்பாள்.

உண்மைதான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அது பிறகு.

சென்ற வருஷம் ரஹீம் பாய் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். எத்தனை நாளைக்கு? பாய்க்கு நாற்பது பேருக்குச் சமைத்துத்தான் பழக்கம். வீட்டில் இருப்பது மகன், மருமகள், பேரன் பேத்தியோடு ஆறே பேர். "கொஞ்சமா வைங்க மாமா" என்று மருமகள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் அடுப்படிப் பக்கமே வரவேண்டாம் என்றுவிட்டாள். கட்டில் ஆடாததால் அவருக்குத் தூக்கம் வரவில்லை. டி.வி.யோ பேரனின் கையில். நாள் முழுக்கக் கார்ட்டூன்.

புருஷனும் பொண்டாட்டியும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. "விருந்தாளி வந்து போக மறந்துட்ட மாதிரி இருக்குடி" என்று ஜீனத் என்னிடம் சொன்னாள்.

அப்புறம் ஒருநாள் போன்.

"அவுரு படகு வாங்கிட்டாருடி!"

"மீன் பிடிக்கவா?"

"இல்ல. குடியிருக்க!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீடு வாங்குவார்கள், மனை வாங்குவார்கள். கல்ஃபிலிருந்து வந்து படகு வாங்கிக் குடியேறின மனிதரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

மரக்காணத்தில் யாரோ கைவிட்ட பழைய மரப்படகு. நீளம், ஒல்லி. பக்கிங்ஹாம் கால்வாயில் போகவேண்டும் என்றே அளவெடுத்துச் செய்தது போல ஒரு வெண்டைக்காய் உடம்பு. அதன்மேல் தகரக்கூரை போட்டு, ஒரு அறை, ஒரு அடுப்படி, ஓரமாகத் தடுப்பு வைத்து ஒரு கழிப்பறை. கால்வாய் வந்து கழுவெளி உப்பங்கழியைத் தொடுகிற இடத்தில், கரையோரம் கட்டிப்போட்டு, பாய் தனியாகக் குடியேறிவிட்டார்.

கோட்டக்குப்பத்தில் பேச்சு எப்படி இருந்திருக்கும்? பொண்டாட்டி துரத்திவிட்டாள் என்றார்கள். மருமகள் துரத்திவிட்டாள் என்றார்கள். ஜீனத் வாசலுக்கே வருவதில்லை.

மூன்றாவது வாரம் மறுபடியும் போன். இந்தத் தடவை நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அனுபவம்!

"சுமதி, நானும் படகுக்கே போறேன்டி."

"நீயா? உனக்குத் தண்ணின்னாலே ஆவாதே! ஸ்கூல் டூர்ல போட்ல ஏற மாட்டேன்னு அழுதவதானே நீ?"

"பயந்தான். இப்பவும் பயந்தான். அதுக்காவ? அவுரு அங்க, நான் இங்கன்னா மறுபடியும் கல்ஃபு மாதிரிதானே ஆவுது? இருக்கற காலத்துல இன்னும் எத்தினி வருசம்டி போன்லியே குடும்பம் நடத்துறது?"

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கேன். படகுல டி.வி. வேணும். சீரியல் ஓடணும். அது இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் இன்னாத்தப் பேசுறது?"

கேட்கச் சிரிப்பாக இருந்தது. அவள் குரலில் சிரிப்பு இல்லை.

டிஷ் மாட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் இனிமையாகப் பேசினார்.

"டோர் நம்பர் சொல்லுங்க மேடம்."

"டோர் நம்பர் இல்லங்க."

"தெருப் பேரு?"

"தெரு இல்லங்க. கால்வாய்."

"லேண்ட்மார்க் ஏதாச்சும்?"

"ஒரு பக்கம் உப்பளம். மூணு பக்கம் தண்ணி."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மொட்டை மாடி இருக்குங்களா மேடம்?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் அகப்பட்டவர் செல்வம். கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் டிஷ், கேமரா, இன்வெர்ட்டர் என்று எல்லாம் மாட்டிக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். என் வீட்டு டிஷ்ஷை மாட்டியவரும் அவர்தான். படகு என்றதும், "அதெல்லாம் பண்ணிடலாம் மேடம், லாரில மாட்டியிருக்கேன், படகுல மாட்ட மாட்டனா?" என்றார். அந்தத் தைரியத்தை நம்பித்தான் போனோம்.

போன வாரம் காலையில், அவர் வண்டியில் டி.வி., பேட்டரி, டிஷ், கம்பி, கருப்புக் கேபிள் சுருள். பின்னாலேயே பஸ்ஸில் நான். மடியில் பொட்டலமாக வேகவைத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான். ஏதோ பிக்னிக் போகிற நினைப்பு எனக்கு.

மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. கழுவெளி நிரம்பி நின்றது. மேலே பார்த்தால் அசையாத தண்ணீர் மாதிரிதான் இருந்தது. ஆனால் அத்தனை தண்ணீரும் மெதுவாக முகத்துவாரத்துக்கு, அதாவது கடலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது. நான் நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரஹீம் பாய் லுங்கியும் வெள்ளைத் தொப்பியுமாகக் கரையில் நின்றார். "வாங்க வாங்க, இறால் பிரியாணி ரெடி" என்றார். எட்டிப் பார்த்தேன். ஒரு ஊருக்கே போதும்.

கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஜீனத் அன்றுதான் முதல்முறையாகப் படகில் ஏறினாள். பாய் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை, என் கையைப் பிடித்தாள். பலகை ஆடியதும் "யா அல்லாஹ்" என்று என் மணிக்கட்டை நெரித்தாள். உள்ளே போனதும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்வம் முதலில் டிஷ்ஷைத் தகரக்கூரை மேல்தான் மாட்டினார். நம் பக்கத்தில் டிஷ் ஏறக்குறைய மல்லாந்து வானத்தைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டுமாம். திருப்பினார், சாய்த்தார், திருகினார். சட்டென்று படம் வந்தது! ஒரு அம்மா பளபளவென்று புடவை கட்டிக்கொண்டு சாம்பார் பொடி விற்றார். நாங்கள் கைதட்டினோம்.

நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். படம் உறைந்துவிட்டது.

உட்கார்ந்தேன். படம் வந்தது.

பாய் அடுப்படிக்குப் போனார். படம் போனது.

"யாரும் ஆடாதீங்க" என்றார் செல்வம். ஆடாமல் இருந்தோம். தூரத்தில் ஒரு மீன்படகு போனது. அதன் அலை வந்து எங்களை ஆட்டியது. சாம்பார் பொடி அம்மாவின் முகம் நூறு சதுரமாக உடைந்தது.

"கப்பல்ல இப்படி ஆவாதே" என்றார் பாய். "அங்க பெரிய வெள்ளை உருண்டை ஒண்ணு இருக்கும். உள்ள டிஷ்ஷு தானாத் திரும்பிக்கினே இருக்கும். கப்பலு எப்படி ஆடுனாலும் அது பாட்டுக்குப் படத்தைப் புடிச்சுக்கினு வரும்."

"அது கப்பலு பாய். இது படகு" என்றார் செல்வம், கொஞ்சம் கடுப்பாக.

அப்புறம்தான் கரையில் மாட்டலாம் என்று முடிவானது. டிஷ் கரையில் அசையாமல் இருக்கும், கேபிள் மட்டும் படகுக்கு வரும். நல்ல யோசனைதானே? எனக்கும் அப்படித்தான் பட்டது.

கரையில் உறுதியாக இருந்தது ஒரே ஒரு கம்பம். படகின் பின்கயிறு கட்டியிருந்த சவுக்குக் கம்பம். படகு இழுக்கும்போதெல்லாம் கம்பமும் லேசாக அசைந்ததால், செல்வம் அந்தக் கயிற்றை அவிழ்த்துப் பக்கத்தில் இருந்த வேலிகாத்தான் புதரில் கட்டினார். பாயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "சித்த நேரந்தானே" என்றார்.

நானும் ஜீனத்தும் படகுக்குள் டி.வி. முன்னால். ஆண்கள் இருவரும் கரையில். பாயும் ஜீனத்தும் போனில்.

"எவ்ளோ காட்டுது?"

"நாப்பது."

"இப்ப?"

"அறுவது... எழுவது... நிறுத்துங்க, நிறுத்துங்க! அப்படியே வுடுங்க!"

படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஜீனத் முதல்முறையாகச் சிரித்தாள். என்னைப் பார்த்து, "நான் இங்கியே இருந்துடுவேன் போலிருக்குடி" என்றாள்.

அடுத்த நொடி திரை நீலமானது. நோ சிக்னல்.

"ஏங்க, போயிடுச்சு. எதுக்கு ஆட்டுனீங்க?"

"நாங்க ஆட்டலியே."

"ஆட்டாமயா போவும்?"

செட்டாப் பாக்ஸ் தானாக நகர்ந்தது. ஸ்டூலின் விளிம்புக்குப் போய், பட்டென்று கேபிள் பிய்த்துக்கொள்ள, கீழே விழுந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி ஏன் நடக்கிறது என்று என் மூளை யோசித்துக்கொண்டிருந்தது.

போனில் பாயின் அலறல். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

"படகு போவுது! ஜீனத், படகு போவுது!"

ஜன்னலைப் பார்த்தேன். சவுக்கு மரங்கள் நடந்துகொண்டிருந்தன.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. புதரில் கட்டிய கயிறு கிளையோடு முறித்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு கயிறு தாங்கிய பாரம் முன்கயிற்றுக்குப் போக, ஈர மண்ணில் நட்டிருந்த அதன் கம்பமும் பிடுங்கிக்கொண்டுவிட்டது. என்ஜினோ ரிப்பேருக்காக மரக்காணத்தில் ஒரு பட்டறையில் கிடந்தது. படகில் இருந்தது நாங்கள் இருவரும் இறால் பிரியாணியும்தான்.

நாங்கள் வெளியே ஓடிவந்தபோது கரைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வீட்டுமனை அகலத்துக்குத் தண்ணீர். வேகம் ஒன்றும் பிரமாதமில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற வேகம்தான். அதுதான் பயங்கரம். சத்தமில்லாமல், அவசரமில்லாமல் போனது.

ரஹீம் பாய் கரையோடு ஓடிவந்தார். ஒரு கையில் லுங்கி, ஒரு கையில் போன். தொப்பி விழுந்தது. எங்களுக்கு நேராக வந்ததும் நின்றார். ஒரு நொடி ஜீனத்தைப் பார்த்தார். போனோடு அப்படியே தண்ணீரில் குதித்துவிட்டார்.

'அப்பாடா' என்று நினைத்தேன். கப்பல்காரர் ஆயிற்றே! நாலு கை போட்டால் வந்து ஏறிவிடுவார்.

பக்கத்தில் ஜீனத் வீறிட்டாள்.

"அவருக்கு நீச்சல் தெரியாதுடி!"

என்ன சொல்கிறாள் இவள்? வாழ்நாளெல்லாம் கடலில் இருந்த மனிதருக்கு நீச்சல் தெரியாதா?

தெரியவில்லை. கை மேலே வந்தது. தலை வந்தது. வாயைத் திறந்தார், தண்ணீர் போனது. முழுகினார். மறுபடி கை மட்டும் வந்தது.

ஜீனத் விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாள். நான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னை முழங்கையால் இடித்தாள். "வுடுடி! வுடுறீ என்னை! அவுரு போயிடுவாரு!" நான் விடவில்லை. விட்டிருந்தால் இந்தப் பத்தியை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பாயின் பின்னாலேயே மிச்சக் கேபிளோடு ஓடிவந்த செல்வம் கரையில் சிலை மாதிரி நின்றார். அப்புறம் திடீரென்று உயிர் வந்தவராக அந்தக் கருப்புக் கேபிள் சுருளைத் தூக்கி, ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, மிச்சத்தை வீசினார். முதல் வீச்சு எங்கேயோ போனது. இழுத்து மறுபடி வீசினார். அது பாயின் தோள் மேல் விழுந்தது. அவர் பிடித்தாரா, அதுவே சுற்றிக்கொண்டதா, யாருக்கும் தெரியாது. செல்வம் உப்பளச் சேற்றில் உட்கார்ந்து, காலை உதைத்துக்கொண்டு, கத்திக்கொண்டே இழுத்தார். பாய் கரையில் வந்து ஒட்டிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். கவிழ்ந்து படுத்திருந்தார். முதுகு ஏறி இறங்கியது.

"மூச்சு இருக்கு!" என்று செல்வம் கத்தினார்.

அதைக் கேட்டதும் ஜீனத் என் கையை உதறிவிட்டுத் திரும்பினாள். பலகையில் ஏறப் பயந்து என் மணிக்கட்டை நெரித்தவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"நங்கூரம் எங்கடி?"

"எனக்கென்ன தெரியும்!"

"போன்ல சொன்னாரு. முன்பக்கம் சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன்னு."

இருந்தது. துருப்பிடித்த இரும்பு, கனமான சங்கிலி. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். என்னால் முடியவில்லை. அவள் "தூக்குடி" என்று பள்ளிக்கூடத்தில் திட்டுகிற மாதிரி திட்டினாள். தூக்கினேன். தள்ளிவிட்டோம். சங்கிலி தடதடவென்று ஓடியது.

படகு நிற்கவில்லை.

முன்னால் முகத்துவாரம் தெரிந்தது. மணல் திட்டுக்கு நடுவே ஒரு வாய். அதற்கு அப்பால் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டது. ஜீனத் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். நான் பெருமுக்கல் மலைமேல் இருக்கும் ஈசனைக் கூப்பிட்டேன். இரண்டு பேரில் யார் கேட்டாரோ... படகு ஒரு குலுக்குக் குலுக்கி, மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது. நங்கூரம் எதிலோ மாட்டிவிட்டது.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

நண்டு வலை போட்டுக்கொண்டிருந்த இருவர் ஃபைபர் படகில் வந்து சேர்ந்தார்கள். எங்களைக் கட்டி இழுத்துப் போகும்போது ஒருவர் கேட்டார். "ரெண்டு பொம்பளைங்க தனியா எங்கம்மா கிளம்புனீங்க?"

"டி.வி. பாத்துக்கினு இருந்தோம்" என்றாள் ஜீனத்.

அவர் தன் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார்.

கரையில் பாய் உட்கார்ந்திருந்தார். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். கண் சிவந்து கிடந்தது. செல்வம் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டேன் பாய், தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜீனத் இறங்கி நேராக நடந்து போனாள். கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

நண்டுக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"எதுக்குக் குதிச்சீங்க?"

"நீ போய்க்கினு இருந்தியே."

"நீச்சல் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்புறம்?"

"அது குதிச்ச பெறகுதான் ஞாபகம் வந்துச்சு."

ஜீனத் அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி. அழுகைக்கு நடுவில் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அவரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது.

"வேலைக்குப் போன மொத மாசமே போன்ல சொல்லிட்டாருடி. எனக்கு நீச்சல் தெரியாது, யாராண்டயும் சொல்லிடாத, தெரிஞ்சா வேலை போயிடும்னு. அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கம் ஏது? காத்து அடிச்சா பயம், மழை பேஞ்சா பயம். போன் வந்துச்சுன்னா இன்னிக்கு முழுகலைன்னு அர்த்தம். 'முழுகலியே'ன்னு தினம் வாய்விட்டுக் கேக்க முடியுமா? அந்த வார்த்தையே வாயில வரக்கூடாதுன்னு பயம். அதான் சீரியலைக் கேட்டேன்."

பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சீரியல் பைத்தியம்னு இல்ல நான் நெனச்சேன்?"

"எனக்கு அந்தச் சீரியலே புடிக்காது."

"புடிக்காதா?" என்றார் பாய். "மெஸ்ல எல்லாரும் ஃபுட்பால் கேப்பானுங்க. தெனம் சண்டை போட்டு அந்தச் சேனலை வைப்பேன். நீ கேட்டா பதில் சொல்லணுமேன்னு. கப்பல் முழுக்க என்னைக் கிண்டல் பண்ணுவானுங்க. எனக்கும் அது புடிக்காது ஜீனத். அந்த மாமியா மூஞ்சியைப் பாத்தாலே சோறு எறங்காது."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இத்தனை வருஷம்! இரண்டு பேரும், தங்களுக்குப் பிடிக்காத ஒன்றை, அடுத்தவருக்குப் பிடிக்கும் என்று, தினம் தவறாமல் பார்த்திருக்கிறார்கள்.

படகு இழுத்துக்கொண்டு போனபோது எனக்கு வந்தது பயம். இப்போது வந்ததுதான் அதிர்ச்சி.

செல்வம் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "அப்ப... டிஷ்ஷு வேணாமா பாய்?"

முதலில் சிரித்தது ஜீனத்தான். மூக்கில் சளியோடு, முகமெல்லாம் சேறோடு. அப்புறம் எல்லோரும் சிரித்தோம். நண்டுக்காரர்களும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். முதல்முறையாகப் பாய் வைத்த அளவு சரியாக இருந்தது.

பழைய கண்டிஷனை ஜீனத் வாபஸ் வாங்கிவிட்டாள். புதிய கண்டிஷன்: பாய் நீச்சல் பழகவேண்டும். பழகினால்தான் படகு. செல்வத்தின் ஊர் பெருமுக்கல். அங்கே அவர் சித்தப்பாவின் நிலத்தில் பெரிய கிணறு. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அவரே பழக்கிவிடுகிறார். அறுபதைத் தாண்டிய மனிதர் முதுகில் காலி கேனைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். ஜீனத் கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன்.

"காலை அடிங்க! காலை! பிரியாணி கிளறுற மாதிரி கையை மட்டும் கிளறாதீங்க!"

"பேஜாரு பண்ணாத ஜீனத், மூச்சு வாங்குது..."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவரும். திண்டிவனம் வரும் வரை ஓயவே இல்லை. கப்பலில் ஒருமுறை அவர் கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டியதாம். சொல்லவே இல்லையாம். "ஏன் சொல்லல?" என்று இவள் சண்டை. மகனுக்கு டைஃபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததை இவள் மறைத்தாளாம். "நீ மட்டும் சொன்னியா?" என்று அவர் சண்டை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதுக்கு இனிமையாக இருந்தது.

கூடவே வாழ்கிறவர்களைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்? பயப்படுவது எதற்கு, சகித்துக்கொள்வது எதை... கேட்டிருக்கிறோமா? கேட்டால்தானே சொல்வார்கள்?

அந்த வேகத்தோடு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற விஷயம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். பேப்பரை மடித்தார். கோபித்துக்கொள்ளக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீ வைக்கிறியே வத்தக்குழம்பு... அது எனக்குப் புடிக்காது. கல்யாணமான நாள்லேர்ந்து."

முகத்துவாரத்தில்கூட எனக்குத் தலை இப்படிச் சுற்றவில்லை!